தங்கைக்குக் கிடைத்த ஸ்கேன்

1

இந்த வாரம் எங்கள் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரே ஒரு பக்கம். விழித்திரையை ஒளியால் படம் எடுக்கும் ஸ்கேனுக்கு, சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டவர்கள் கேட்டால், வரும் மாதத்திலிருந்து பணம் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. பக்கத்து மேஜை பார்பரா படித்துவிட்டு, "அப்பாடா, இனிமேல் இதற்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டாம்" என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தப் பத்திரிகையில் நான் இதுவரை எழுதியதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பனி பெய்ததை எழுதினேன். குளிரில் இட்லி மாவு புளிக்காததை எழுதினேன். என் மகள் யாழினி தமிழில் தப்புத் தப்பாகப் பேசுவதைச் சிரிக்கச் சிரிக்க எழுதினேன். மரக்காணத்துப் பெண் நியூ ஜெர்சிக்குப் போய்ப் பதினோரு வருடமாகியும் ஊரை மறக்கவில்லை என்று நீங்கள் மெச்சும்படி பார்த்துப் பார்த்து எழுதினேன். இந்த முறை அப்படி வரவில்லை. இது என் தங்கை தனத்தின் கண்ணைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அவள் மேல் எனக்கு இருக்கிற பொறாமையைப் பற்றியது.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் புரிவதில்லை. அம்மா இருந்தவரை "ஆஸ்பத்திரியில வேலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. டாக்டர்கள் வைத்தியம் பார்த்துவிட்டு எங்களுக்குப் பில் அனுப்புவார்கள். விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது கொடுக்கத் தக்கது, இது தகாதது என்று முடிவு எழுத வேண்டும். எனக்கு ஒதுக்கியிருப்பது கண். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிவரை முகம் தெரியாத யார் யாருடைய கண்களையோ பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் தெரியாதது ஒரு வசதி. முடியாது என்று எழுத அப்போதுதான் கை வரும்.

அந்த ஒளி ஸ்கேன் அப்போதுதான் கண் டாக்டர்களிடம் பரவ ஆரம்பித்திருந்தது. ஊசி இல்லை, கத்தி இல்லை, கண்ணைத் தொடுவதுகூட இல்லை. தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, உள்ளே தெரிகிற பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி இருந்தால் போதும். வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். திரும்பி வந்த வெளிச்சத்தை வைத்து விழித்திரையின் குறுக்குவெட்டு திரையில் விழும். உப்பளத்து வரப்பை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டினால் மண்ணும் மணலும் அடுக்கடுக்காகத் தெரியுமே, அப்படி. அடுக்குகளுக்கு நடுவே நீர் கோத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். நோயாளிக்குப் பார்வை மங்குவதற்கு முன்பே டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான அரசுத் திட்டம் இதற்குப் பணம் கொடுத்தது. எங்கள் கம்பெனி கொடுக்கவில்லை. எங்கள் புத்தகத்தில் இதற்கென்று ஒரு வாக்கியம் இருந்தது: இந்தப் பரிசோதனை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது, இதன் பயன் நிரூபிக்கப்படவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வாக்கியம் கடிதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை அழுத்தியிருப்பேன் என்று எண்ணியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வாக்கியம் படிக்க நன்றாக இல்லை என்று கொஞ்சம் திருத்திக் கொடுத்ததும் நான்தான். மேனேஜர் பாராட்டினார்.

ஆனால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். டாக்டர்கள் அனுப்பும் கடிதங்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறவள் நான். அந்த வாக்கியம் பணத்தைப் பற்றியது. கண்ணைப் பற்றியது அல்ல. அந்த ஸ்கேனில் நீர் தெரிந்தால் நீர் இருக்கிறது என்றுதான் அர்த்தம், சீக்கிரம் லேசர் வைப்பதுதான் நல்லது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

எங்கள் குடும்பத்தில் சர்க்கரை அப்பாவிடமிருந்து வந்தது. எனக்கும் உண்டு, தனத்துக்கும் உண்டு. போன வருடம், அதாவது சுனாமிக்கு அடுத்த வருடம், ஜூனில் எனக்கு இடது கண்ணில் எழுத்து லேசாக நெளிய ஆரம்பித்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை. "புள்ளியைப் பாருங்கள், புள்ளியை மட்டும் பாருங்கள்" என்று அந்த டெக்னீசியன் நாலைந்து தடவை சொன்னாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைத்தேன். அவளோ "கீழே போகிறது, கீழே போகிறது" என்றாள். கடைசியில் பாதிப் படத்தோடு என் கம்பெனிக்கே பில் போட்டார்கள்.

மூன்று வாரத்தில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ஊழியர்களின் பில்களுக்குத் தனி வரிசை உண்டு, அதை வேறு ஒருத்தி பார்க்கிறாள். அவளும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். என் வாக்கியம் என் சமையலறை மேஜைக்கு வந்துவிட்டது. கூடவே, படமும் தெளிவில்லை என்று இன்னொரு வரி.

கைக்காசு போட்டு இன்னொரு முறை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். எனக்கு வீம்பு. எட்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணுக்கு அவர்கள் கொடுக்கட்டும் என்று அப்பீல் போட்டேன். டாக்டரும் உங்களுக்கு ஆரம்பநிலைதான், சில மாதம் பொறுக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு படிவம் போனது. அது பழைய படிவம் என்று திரும்பி வந்தது. புதிய படிவம் போனது. டாக்டரின் கையெழுத்து நீல மையில் இல்லை என்று அதுவும் திரும்பி வந்தது. அந்த நீல மை விதியை நானே மற்றவர்களுக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

அந்த நாட்களில் ஆபீசில் எல்லார் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பார்பராவின் அம்மாவுக்கு எழுபது வயது. வருடத்துக்கு இரண்டு தரம் இதே ஸ்கேன், அரசு செலவு. பார்பரா அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வயதாகவில்லையே என்று ஏங்கிய முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் கார்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். மரக்காணத்தில் அப்போது விளக்கு வைக்கிற நேரம். தனத்தின் வீட்டுக்காரர் சேகர் ஈ.சி.ஆர் ரோட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், போன் அவருடையது. அவர்கள் மகள் கலை பிளஸ் ஒன் படிக்கிறாள்.

வழக்கப்படி முதலில் யாழினியிடம் ரிசீவரைக் கொடுத்தேன். என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற பெண், அதுவும் ஆங்கிலத்தில், சித்தியிடம் கால் மணி நேரம் பேசினாள். "சித்தி, நான் சாப்டேன். நீ சாப்டியா? ஆட்டோ சாப்டுச்சா?" என்று ஏதோ உளறினாள், அந்தப் பக்கம் தனம் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. நான் அதே வாக்கியத்தைத் திருத்தியிருப்பேன். தனம் சிரித்தாள். அதனால்தான் யாழினி அவளிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். ஆண்டுப் பரீட்சை லீவில் இரண்டு பேரும் அம்மாவோடு உப்பளத்துக்குப் போவோம். மேஸ்திரி என்னை மரப்பலகை கொடுத்து உப்பு இழுக்கச் சொல்வார். அவளைத் தண்ணீர்க் குடத்தோடு கொட்டகை நிழலில் நிறுத்திவிடுவார். அவள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். கேட்காமலே அவளுக்கு வரும். எனக்கு எதுவும் விண்ணப்பம் போட்டால்தான் வரும். பள்ளிக்கூடத்தில் நான் முதல் ராங்க் வாங்கிய அன்று அப்பா, "ரெண்டு பேருக்கும் பரோட்டா" என்று சொல்லி வாங்கி வந்தார். அவளுக்கு எதற்கு? இன்னும் அது எனக்குப் புரியவில்லை.

யாழினி போனைக் கொடுத்ததும் தனம் ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து என்னை வேன்ல பாண்டிக்கு இட்டுனு போனாங்க. கண்ணு ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

"கரண்ட் கம்பம் எல்லாம் வளைஞ்சி தெரியுதுன்னு சொன்னேன் இல்ல. ஸ்கூல்ல கேம்ப்பு போட்டாங்க. சுனாமிக்கப்புறம் மாசத்துக்கு ஒரு கேம்ப்பு வருதுக்கா. பாத்துட்டு உடனே வேன்ல ஏத்திட்டாங்க. அங்க ஒரு ஸ்கேன் எடுத்தாங்க பாரு, தொடவே இல்லக்கா! வெறும் வெளிச்சம். செவப்பா ஒரு கோடு போவுது, பச்சையா ஒரு புள்ளி."

"எவ்ளோ வாங்கினாங்க?" என்றேன்.

"காசா? ஒரு பைசா வாங்கல. டீ குடுத்தாங்க, பன் குடுத்தாங்க. எனக்குச் சக்கர, பன்னு வேணாம்னேன். சுண்டல் வரவெச்சிக் குடுத்தாங்க."

"பேப்பர் எதுவும் கேக்கலயா?"

"பேரு கேட்டாங்க. அப்புறம் ஊரு."

பேர், ஊர். என் வீட்டு மேஜையில் அன்று பதினான்கு பக்கப் படிவம் கிடந்தது. அவள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"இன்னொரு கூத்து கேளு. அந்த மிசின் பொண்ணு புள்ளியப் பாரு, புள்ளியப் பாருன்னுது. எனக்குக் கண்ணு கீழயே போவுது. அது சிரிச்சிட்டு, 'ஏம்மா, நீங்க உப்பளத்துல வேலை செய்றீங்களா'ன்னுது. 'எப்பிடிம்மா கண்டுபுடிச்ச'ன்னேன். 'உங்க ஊர்லேர்ந்து வர்ற எல்லாரும் இப்பிடித்தான், நேரா பாக்கவே மாட்டீங்க. தூரத்துல மேஸ்திரி வர்றாரான்னு பாப்பீங்க இல்ல? அந்த மாரி பாருங்க'ன்னுது. அவ்ளோதான்க்கா, ஒரே தபா, படம் வந்துடிச்சி!"

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தியெல்லாம் வெளேரென்று கிடக்கும். யாரும் அதை நேராகப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான்: "வெள்ளையப் பாக்காத, உன் நெழலப் பாரு." இமையைப் பாதி மூடிக்கொண்டு, காலடியில் விழுகிற கறுப்பைப் பார்த்தபடியே நாள் முழுக்க வேலை செய்வோம். வெளிச்சம் கண்ணில் பட்டால் பார்வை தானாகக் கீழே இறங்கிவிடும். ஒரே ஒரு சமயத்தில்தான் தலை நிமிரும். மேஸ்திரி வருகிறாரா என்று பார்க்க. அப்போது மட்டும் எல்லார் கண்ணும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும்.

என் டெக்னீசியனுக்கு இது எங்கே தெரியும்? பாண்டியில் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தனத்தின் கண் ஏன் கீழே போகிறது என்று தெரிந்த ஒருத்தி தனத்துக்குக் கிடைத்திருந்தாள். கேட்காமலே. எனக்கு அந்த இலவசத்தைவிட இதுதான் பொறுக்கவில்லை.

"சரி, இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"ரெண்டு கண்ணுலயும் நடுவுல தண்ணி கோத்துனு இருக்குதாம். சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுல ஜாஸ்தியாம். வர்ற புதன்கிழமையே லேசர் வெச்சிடலாம், வேன் அனுப்பறோம்ங்கறாங்க. இவரு பயப்படறாரு. நான் சொன்னேன், எங்க அக்கா இதே லைன்லதான் வேலை செய்யுது, அதைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு. வெச்சிக்கட்டுமாக்கா?"

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்தினது போல வாயிலிருந்து வந்தது.

"அந்த ஸ்கேன் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குது தனம். நிரூபிக்கப்படல. இங்க அமெரிக்காவுலயே ஒத்துக்கல. அதை நம்பி லேசர் வெப்பாங்களா? கேம்ப்புல எல்லாம் அவங்களுக்கு ஆள் கணக்குக் காட்டணும். நீ பொறு. அவசரப்படாத."

"அப்பிடியா? நல்ல வேளை உன்னக் கேட்டேன்" என்றாள் தனம். அந்தப் பக்கம் சேகரிடம், "அக்கா வேணாங்குதுங்க" என்று சொன்னது கேட்டது. அவர் பெரிதாக மூச்சு விட்டதும் கேட்டது.

ரிசீவரை வைத்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். ஆனால் இருந்தது. எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கவில்லை என்ற நிம்மதி. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

5

என் அப்பீல் ஜனவரியில் ஜெயித்தது. விதிவிலக்காக ஒரே ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள முன் அனுமதி. மறுபடி அதே அறை, அதே பெண், அதே தாடைத் தாங்கி. "புள்ளியைப் பாருங்கள்" என்றாள். பார்வை இறங்கியது. "மறுபடி கீழே" என்றாள். அவள் குரலில் அலுப்பு தெரிந்தது. இந்த முறையும் படம் கெட்டால் அனுமதி அதோடு தீர்ந்துவிடும்.

அப்போது தனம் சிரித்தது ஞாபகம் வந்தது. மேஸ்திரி வருகிறாரா பார், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாத்திகளுக்கு அப்பால், கொட்டகைப் பக்கம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள். கண் நிமிர்ந்தது, நின்றது. சிவப்புக் கோடு புள்ளியின் மேல் ஊர்ந்து போனது.

"அட, பிரமாதம். என்ன செய்தீர்கள்?" என்றாள் அவள்.

ஒன்றுமில்லை என்றேன். தங்கை சொல்லித்தந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

படத்தில் என் இடது கண்ணின் நடுவே நீர் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் பத்து நாளில் லேசர் வைத்தார். எழுத்து நெளிவது நின்றது. நிரூபிக்கப்படாத ஸ்கேன் என் கண்ணைக் காப்பாற்றிவிட்டது. அன்றே தனத்துக்குப் போன் செய்திருக்க வேண்டும் இல்லையா? செய்யவில்லை. அந்த ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளிகள் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பனி, லைன் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டேன். போன் செய்தால் என்ன சொல்வது? ஆகஸ்டில் பொய் சொன்னேன் என்றா? மூன்றாவது ஞாயிறு யாழினிதான், "சித்திகிட்ட ஏன் பேசல?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

போட்டேன். கலைதான் எடுத்தாள். "பெரிம்மா, அம்மாக்கு ஒரு கண்ணு சரியா தெரியல. மூஞ்சி எல்லாம் நடுவுல கறுப்பா இருக்குதாம். உங்ககிட்ட சொல்ல வேணாம், கவலப்படுவீங்கன்னு சொல்லிடிச்சி" என்றாள்.

அவளிடம் போனை வாங்கி தனம் பேசுவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். "இப்பவே கெளம்புடி. நாளைக்கே பாண்டிக்குப் போ. லேசர் வெச்சிக்கோ."

"நிரூபிச்சிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

6

இந்த ஜூலையில் ஊருக்குப் போனோம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் தனம், சேகர், கலை மூன்று பேரும் நின்றிருந்தார்கள். யாழினி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சித்தியைக் கட்டிக்கொண்டாள். பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

தனத்தின் வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஆறு மாதம் நீர் நின்ற இடத்தை லேசரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடது கண் பிழைத்தது. அரிசியில் கல் பார்க்க வலது கண்ணை மூடிக்கொள்கிறாள். உப்பில் அழுக்குப் பிரிக்கிற வேலை இனி முடியாது என்று மேஸ்திரி அவளைக் கொட்டகைக்குள் மூட்டை தைக்க உட்கார்த்தியிருக்கிறார். "நெழல்ல வேலைக்கா, ஃபேன் கூட இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு நொடியில் எனக்கு அந்த நிழல் மேலும் பொறாமை வந்தது. பிறகுதான் வெட்கம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மேரி வந்தாள். அவளும் தனத்தோடு மூட்டை தைக்கிறவள். அமெரிக்காக்காரியைப் பார்க்க வேண்டுமாம். தனம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பெருமையாக ஆரம்பித்தாள்.

"எங்க அக்கா அங்கேர்ந்து போன் போட்டு, இப்பவே கெளம்புடின்னு கத்துச்சி மேரி. அதனாலதான் இந்தக் கண்ணாவது இருக்குது. டாக்டரே கேட்டாரு, யாரும்மா உங்கள அனுப்பனதுன்னு."

மேரி என்னைப் பார்த்தாள். பிறகு தனத்தைப் பார்த்தாள். "ஆனா நீ மொத தபா போனப்பவே லேசர் வெச்சிருந்தா ரெண்டுமே பொழச்சிருக்கும் இல்ல? என்னோட அதே வேன்ல தான வந்த? நான் வெச்சிக்கினேன், நல்லாத்தான் இருக்கறேன். நீ ஏன் வெச்சிக்கல?"

இதோ, இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சேகர் வாசலில் ஆட்டோவைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றார். அவருக்கும் தெரியும்.

தனம் கையிலிருந்த முறத்தைத் தட்டிக்கொண்டே, "நான்தான் மேரி, பயந்துனு வந்துட்டேன்" என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நடந்ததை மறந்துவிட்டாளா, மறைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சேகர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். நான் மேரியிடம் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். இன்னும் பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லாமலே விமானம் ஏறினேன்.

விமானத்தில் யாழினி, "அம்மா, சித்தி மாதிரி நல்லவங்கள நான் பாத்ததே இல்ல" என்றாள். நானும் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தியாக இருக்க எனக்கு வராது, அதற்கு என்ன விண்ணப்பம் போட்டாலும் கிடைக்காது. வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

7

இந்த இதழில் ஒரு பிரதியை மரக்காணத்துக்குத் தனியாக அனுப்பும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். நான் எழுதுவதையெல்லாம் கலை சத்தமாகப் படிப்பாள், தனம் முற்றத்தில் உட்கார்ந்து கேட்பாள், மேரியும் வருவாள் என்று எனக்குத் தெரியும். போனில் என்னால் முடியவில்லை, நேரிலும் முடியவில்லை. எழுத்துதான் எனக்கு வரும்.

கலை, அம்மா போதும் என்று சொன்னாலும் நீ நிறுத்தாமல் படி.

தனம், நீ பயந்துகொண்டு வரவில்லை. நான் வேண்டாம் என்றேன். அந்த ஸ்கேன் சரியானது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். டாக்டர் யாரும் அதை நம்பாதே என்று என்னிடம் சொல்லவில்லை, என் ஆபீசும் உன் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அது சுலபமாகக் கிடைத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் சொன்னேன்.